அப்பா பார்க்காத இரண்டாவது பெட்டி

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது கைபேசியில் எந்தப் படத்தைத் திறந்தாலும் மூலையில் ஓர் எண் வருகிறதே, ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று, அதை யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்? போன வாரம் என் மகள் கேட்டாள். "அம்மா, இது கார்ட்டூன்தான். விண்வெளிக் கதை. ஆனா பதினாறுன்னு போட்டிருக்குது. குட்டிக்கு ஒம்பது வயசு. காட்டலாமா வேணாமான்னு நீ ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லும்மா." நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. முழங்கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு படம் போட்டார்கள். அதன் மூலையில் எண் எதுவும் இல்லை. எண்ணுக்குப் பதிலாக இருந்தவர் என் அப்பா.

அப்பா தறியில் உட்கார்ந்தவர் இல்லை. பட்டுச்சேலையின் கரையிலும் முந்தானையிலும் என்ன உருவம் வரவேண்டுமோ அதைக் கட்டம்போட்ட கிராஃப் தாளில் வரைந்து கொடுப்பார். அந்தக் கட்டங்களைப் பார்த்து நீள நீள அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டை மாலையைத் தறியின் மேல் தொங்கவிட்டால் மயிலோ அன்னமோ யாளியோ தன்னால் கரையில் ஏறிவரும். ஆனால் அப்பா ஒருநாளும் முழு மயிலை வரைந்ததில்லை. எதிரெதிரே நிற்கிற இரண்டு மயில் என்றால் ஒரு மயில்தான் போடுவார். கோபுரம் என்றால் பாதிக் கோபுரம். "பாதி போட்டாப் போதும். மீதி தானா திரும்பி வந்துடும்" என்பார். சந்தேகம் வந்தால் அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்து, பாதிப் படத்தின் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்துவார். உடனே கோபுரம் முழுசாகிவிடும். சிவப்புப் பிடி போட்ட கண்ணாடி அது. பிடியில் ஒரு சின்ன விரிசல் உண்டு. எப்போது காணாமல் போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

கண்ணாடி அப்பாவிடம் இருந்ததற்குக் காரணம், அம்மா வீட்டில் இல்லை. ஐப்பசி மாதமே அவளை மெட்ராஸ் பக்கம் ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அந்த நோயின் பெயரைத் தெருவில் சொல்லக்கூடாது. யாராவது விசாரித்தால் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, முந்திக்கொண்டு, "தாமல் ஊர்ல அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருக்குதுபா, ஏரிக்காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு" என்பாள். பொய்யை இவ்வளவு காற்றோட்டமாகச் சொல்ல அத்தையால்தான் முடியும். அப்பா மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று என்னை அழைத்துப் போகவில்லை. நானும் பெரிதாக அழவில்லை. அழுதிருந்தால் பின்னால் வந்தது வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

மாசி மாதம். எங்கள் பள்ளியின் பெரிய டீச்சருக்கு மெட்ராஸில் ஒரு தம்பி. அவர் ஏதோ வெளிநாட்டுக்காரர்களின் நூலகத்திலிருந்து ஒரு பொம்மைப்படத்தை இரவல் வாங்கி அனுப்பியிருந்தார். இரண்டு வட்டத் தகரப்பெட்டிகள். கூடவே இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாள். நிலாவில் ஆள் இறங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன, ராக்கெட் என்றாலே எல்லோருக்கும் வாய் பிளக்கும். படத்திலும் ராக்கெட் வருகிறது. ஆனால் தாளின் அடியில் 'பெரியவர்களுக்கானது' என்று இருந்ததாம். பெரிய டீச்சர் குழம்பிப்போனார். பொம்மைப்படம் எப்படிப் பெரியவர்களுக்கானதாக இருக்க முடியும்? பெரியவர்கள் பொம்மைப்படம் பார்த்து என்ன செய்வார்கள்?

டிரில் மாஸ்டருக்குக் குழப்பமே இல்லை. தாளை எழுத்துக்கூட்டிப் படித்தவர், "டீச்சர், இதுல ஒரு கிரகத்து ஆளுங்க துணியே கட்டாம வராங்களாம்" என்றார். பட்டு ஊரில் இதைவிடப் பெரிய குற்றம் உண்டா? செய்தி அன்று சாயங்காலமே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. "ஒரு கிரகமே துணி கட்டாம கீதாமா? நம்ம ஊரு முதலாளிங்க காதுல போடுங்க, லாரி புடிச்சிடுவாங்க" என்றாள் அத்தை.

பெற்றோர்களில் படம் வரைகிறவர் அப்பா ஒருவர்தான். வரைந்த படத்தை வரைகிறவர்தானே நிறுக்க வேண்டும் என்று பெரிய டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை, ஹாலின் ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மூடி, அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். உள்ளே விடவில்லை. தண்ணீர்ப்பானைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ராட்டினம் சுற்றுகிற மாதிரி மிஷின் சத்தம் வந்தது. பிறகு சத்தம் நின்றது. கதவு திறந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தார். பின்னாலேயே பெரிய டீச்சரும் டிரில் மாஸ்டரும்.

"இன்னொரு பெட்டி இருக்கிறதே" என்றார் பெரிய டீச்சர்.

"முகூர்த்தப் பொடவைக்கு மயில் கரை, டீச்சர். மத்தியானம் அட்டை அடிக்கிறவர் வந்து குந்திக்கினு இருப்பாரு" என்றார் அப்பா. "இதுல இன்னா இருக்குது? கப்பல் போவுது. கலரு அருமையா போட்டிருக்கான். அந்த ஆளுங்களும் மெழுகு பொம்மை மாதிரி மழுமழுன்னுதான் இருக்கறாங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. போன கப்பல் திரும்பித்தானே ஆவணும்? அடுத்த பொட்டி இதையே திருப்பிப் போட்டதுதான். பாதி பாத்தாப் போதும்."

"அதுலயும் துணி இல்லாம வந்தா?" டிரில் மாஸ்டர் விடவில்லை.

"பழைய அட்டை குடுத்தனுப்பறேன். எங்க வேணாமோ அங்க மிஷின் முன்னாடி காட்டி மறைச்சிடுங்க."

மூவருக்கும் முகம் தெளிந்தது. பெரிய டீச்சர் ஒரு நோட்டை நீட்டினார். அப்பா அதில் 'பிள்ளைகள் பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. என் அப்பா நாட்டுக்கே தீர்ப்பு எழுதுவதாக எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் படம். ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை எல்லாரும் தரையில். வெள்ளைத்துணித் திரை. பெரிய டீச்சர் மைக் பிடித்து, தாளைப் பார்த்துத் தமிழில் கதை சொன்னார். ஓர் உலகத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. அங்கிருக்கும் அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை மட்டும் ஒரு கப்பலில் ஏற்றி வானத்துக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சின்னப் பலகை. அதில் அதன் அம்மாவின் முகம் கோட்டுப்படமாக ஒளிவிடுகிறது. கப்பல் பல கிரகங்களில் இறங்குகிறது. கண்ணாடி மரங்கள், பாடுகிற பாறைகள், அப்புறம் அந்தத் துணியில்லாத ஆட்கள்.

டிரில் மாஸ்டர் பாய்ந்துபோய் அட்டையைக் காட்டினார். அது தறி அட்டை அல்லவா, முழுக்க ஓட்டை. படம் மறையவில்லை. வெளிச்சம் கம்மியாகி அந்தி நேரம் போல் மங்கியது, அவ்வளவுதான். மங்கியதால் எல்லாப் பிள்ளைகளும் கழுத்தை நீட்டி முன்னைவிடக் கவனமாகப் பார்த்தோம். ஓர் ஊரே அட்டையில் ஓட்டை குத்திப் பிழைக்கிறது, மூன்று பெரியவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ஓட்டை ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த ஆட்கள் எங்களை ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் எருமை குளிப்பதைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

பிறகு இரண்டாவது பெட்டியை மாட்டினார்கள்.

கப்பலில் ஒரு சிறுமி பலகையை எடுத்துப் பார்க்கிறாள். அம்மாவின் முகத்தில் ஒரு புருவம் இல்லை. அடுத்த தடவை மூக்கு இல்லை. "பிள்ளைகள் மறக்க மறக்க, கோடுகள் அழிகின்றன" என்று பெரிய டீச்சர் படித்தார். குரல் மெதுவாகியது. சிறுமி பலகையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள், தேய்க்கிறாள், ஊதுகிறாள். கடைசியில் பலகை வெறுமையாக இருக்கிறது. கப்பல் திரும்புகிறது. அப்பா சொன்னது சரிதான், போன கப்பல் திரும்பித்தான் வந்தது. பழைய உலகத்தில் அம்மாக்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் கையிலும் பலகைகள். பிள்ளைகளின் முகம் இருந்த பலகைகள். அவையும் வெறுமை. எந்தப் பிள்ளை யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நிற்கிறார்கள். படம் முடிந்துவிட்டது.

பெரிய டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஒன்றாவது வகுப்புப் பிள்ளை ஒன்று "எம்மா" என்று ஆரம்பித்தது, அப்புறம் ஹால் முழுக்க அழுகை. டிரில் மாஸ்டர் வேறு வழி தெரியாமல் விசில் ஊதினார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி அழவில்லை. "எங்க அம்மா மூஞ்சி எனக்கு மறக்காதுபா. காலைலதானே பாத்தேன்" என்றாள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள், அந்த வாக்கியம் அப்படியே காதில் நின்றுவிட்டது. நான் கண்ணை மூடி அம்மாவை நினைத்துப் பார்த்தேன். கண் வந்தது. கண்ணைப் பிடித்துக்கொண்டு மூக்குக்குப் போனால் கண் போய்விட்டது. மூக்கை விட்டுவிட்டு வாய்க்கு வந்தால் அது அத்தையின் வாயாக இருந்தது. சேலை ஞாபகம் இருந்தது. சோற்றைப் பிசைகிற விரல்கள் ஞாபகம் இருந்தன. முகம் இல்லை.

மறுநாள் நாலைந்து தகப்பனார்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். பிள்ளைகள் அழுததைப் பற்றி இல்லை, துணியில்லாத ஆட்களைப் பற்றி. பெரிய டீச்சர் அப்பாவின் கையெழுத்தைக் காட்டினாராம். அப்பாவும் தெருவில் நின்று, "மெழுகு பொம்மைங்கப்பா, அதுல இன்னா கீது?" என்று வாதாடினார். மூன்று நாள் இதே பேச்சு. அந்த மூன்று நாளும் நான் வீட்டில் தேடிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே புகைப்படம், கல்யாணத்தில் எடுத்தது. அதில் அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தாள். நெற்றிச்சுட்டியும் வகிடும்தான் தெரிந்தன. அந்தப் படம் எடுத்தவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

இதில் என் பயம் என்னவென்று சொல்ல வேண்டும். நான் மறந்ததால் அம்மாவின் முகம் அங்கே ஆஸ்பத்திரியில் உண்மையாகவே அழிந்துகொண்டிருக்கிறது என்று நம்பினேன். ஒன்பது வயதுக்கு இது முட்டாள்தனம் என்பீர்கள். இருக்கட்டும். நான் சோற்றைத் தள்ளிவைத்தேன். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. அத்தை படத்தில் வந்த ஆட்களைத் திட்டிக்கொண்டே மிளகாய் சுற்றிப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா, அம்மா மூஞ்சி போட்டுக் காட்டுப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மயில் தாளைத் தள்ளிவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். கட்டம் எண்ணி நெற்றி போட்டார், கண் போட்டார், பாதி மூக்கு, பாதி வாய். கன்னத்தில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினார். அம்மாவுக்குக் கன்னத்தில் மச்சம் உண்டு, அதைப் பார்த்ததும்தான் எனக்கே ஞாபகம் வந்தது. பிறகு கண்ணாடியை ஓரத்தில் நிறுத்தினார். பாதி முகம் முழுமுகம் ஆயிற்று. இரண்டு கன்னத்திலும் மச்சம்.

"அம்மாவுக்கு ரெண்டு மச்சம் இல்லப்பா. ஒண்ணுதான்" என்றேன்.

"ஆமா. ஒண்ணுதான்."

"எந்தப் பக்கம்பா?"

அப்பா தன் இடது கன்னத்தைத் தொட்டார். பிறகு வலது கன்னத்தைத் தொட்டார். "எதுக்க குந்தினா இந்தப் பக்கம் வரும்... அப்போ அவளுக்கு அது..." என்று கையை மாற்றி மாற்றிக் காட்டினார். கண்ணாடியை எடுத்தார், திருப்பி வைத்தார். "யக்கா, அவளுக்கு மச்சம் எந்தப் பக்கம்?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"யாருக்கு? உம் பொண்டாட்டிக்கா? அவளுக்கு ஏதுடா மச்சம்?" என்றாள் அத்தை அடுப்படியிலிருந்து.

அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன வாரம்தான் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவர். அன்று நான் அழவில்லை. அப்பாவுக்கும் மறந்துவிட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதைவிடப் பெரிய பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பா மெதுவாக, "அந்தப் படத்துல ரெண்டாவது பொட்டில இன்னாம்மா வந்துச்சி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கதையை முழுக்கக் கேட்டார். "அம்மா வந்தா இதெல்லாம் சொல்லாத" என்றார். நான் தலையாட்டினேன்.

பங்குனி உத்திரம் முடிந்த மறுவாரம் அம்மா வந்தாள். பஸ் நிலையத்தில் நானும் அப்பாவும் நின்றிருந்தோம். உடம்பு தேறியிருந்தாள், முடியைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். அவள் படியிலிருந்து இறங்கியதும் நாங்கள் இருவரும் ஒன்றாகப் பார்த்தது அவள் கன்னத்தைத்தான். இடது பக்கம்.

"இன்னா, அப்பனும் மவளும் மூஞ்சியையே மொறைக்கிறீங்க? எதனா ஒட்டிக்கினு இருக்குதா?"

"ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. நானும் "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளாமல் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், தொடப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாதிமுகத் தாளைச் சில மாதங்கள் கழித்து அம்மாவே கண்டெடுத்தாள். "யாருங்க இவ? பாதியா கீறா?" என்று கேட்டாள். "சும்மா, ஒரு டிசைன்" என்றார் அப்பா. அம்மா அதைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் விரித்தாள். அதன்பிறகு பள்ளியில் படம் போடுவதென்றால் யாரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் போயிருக்கமாட்டார். ஆனால் மயிலைப் பாதிதான் வரைந்தார், கடைசிவரை.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அம்மா போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். கடைசி இரண்டு வருஷம் என் வீட்டில்தான் இருந்தாள். ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்து, என்னையும் மறந்தாள். மறந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் என்னை 'நீங்க' என்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீங்க யாரும்மா? எந்தத் தெரு?" என்பாள். நான் அடுக்களையில் போய் நின்றுவிட்டு வருவேன்.

ஒரு காலை கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கதவுப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்குதும்மா. ஒம்பது வயசு. இஸ்கூலுக்குப் போவுது" என்றாள். "இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததுல இருந்து அதும் மூஞ்சி எனக்கு நெனப்புக்கு வரமாட்டேங்குது. கண்ணு வருது. மூக்கு வரல. எத்தினியோ வாட்டி நெனச்சிப் பாத்துட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அவங்க அப்பா மாசம் ஒருவாட்டி வருவாரு. அவராண்ட சொல்லிடாதீங்க. பெத்தவளே மறந்துட்டாளேன்னு நெனைப்பாரு. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லாதீங்க. அது பயந்துக்கும்."

"சொல்லமாட்டேம்மா" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் நிம்மதியாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மச்சம் இருக்கிற கன்னம் மேலே இருந்தது.